மாற்றுவதா, சரிசெய்வதா? எலெக்ட்ரானிக் த்ராட்டிலும் கொங்குப் பட்டறைகளும்

காரின் எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போக வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் எலெக்ட்ரானிக் த்ராட்டில் பழுதானால், அதை முழுதாக மாற்ற வேண்டுமா, சரிசெய்து ஓட்ட முடியுமா? கோயம்புத்தூரில் இந்தக் கேள்விக்கு ஒரே விடை கிடைப்பதில்லை. கம்பெனி சர்வீஸில் "அசெம்ப்ளியையே மாத்தணும்" என்பார்கள். வெளி ஒர்க்‌ஷாப்பில் "கழட்டிக் கிளீன் பண்ணுனாப் போதுமுங்க" என்பார்கள். ஆட்டோ எலெக்ட்ரீஷியன் பிரித்துப் பார்க்கலாம் என்பார். பழைய பாகம் விற்பவரோ, கழித்துக்கட்டிய வண்டியிலிருந்து ஒன்றை எடுத்துத் தருவார். ஒவ்வொரு விடைக்கும் ஒரு வரலாறு உண்டு; ஒவ்வொன்றும் சில வேளைகளில் பலித்தும் இருக்கிறது.

விடை தவறினால் முதலில் பணம் போகிறது. அதைவிடப் பெரியது உயிர்க் கவலை. சத்தியமங்கலத்திலிருந்து ஏறும் திம்பம் பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. இப்படிப்பட்ட ஏற்றத்தில் கார் திடீரென்று இழுவையை விட்டுவிட்டால் பின்னால் வரும் லாரிக்கும் பேருந்துக்கும் அது ஆபத்து. ஆகவே இந்தக் கேள்வியைச் செலவுக் கணக்காக மட்டும் பார்க்க முடியாது.

கம்பியிலிருந்து ஒயருக்கு

அம்பாசடர், பிரீமியர் பத்மினி, மாருதி 800 ஆகிய கார்களில் ஆக்சிலரேட்டர் மிதியையும் காற்று வழியில் உள்ள தகட்டையும் இணைத்தது நேரடி இயந்திரத் தொடர்புதான். மாருதி 800-இல் அது ஒரு கேபிள். கேபிள் அறுந்தால் சாலையோரத்திலேயே மாற்றிவிடலாம். பழுது கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். எதை மாற்றுவது என்ற விவாதத்துக்கே அங்கு இடமில்லை.

1980களின் இறுதியில் பிஎம்டபிள்யூ தன் 7 சீரிஸ் காரில் இந்தத் தொடர்பை மின்சார வழிக்கு மாற்றியது. மிதியில் இருக்கும் சென்சார் ஓட்டுநரின் விருப்பத்தைக் கணினிக்குச் சொல்லும். கணினி ஒரு சிறிய மோட்டாரை இயக்கித் தகட்டைத் திறக்கும். புகைக் கட்டுப்பாடு, சக்கரம் வழுக்காமல் காக்கும் அமைப்பு, க்ரூஸ் கன்ட்ரோல் ஆகிய அனைத்துக்கும் இது வசதியாக இருந்ததால் அடுத்த இருபது ஆண்டுகளில் சிறிய கார்கள் வரை பரவியது.

இந்தியாவில் புகை விதிகள் இந்த மாற்றத்தை வேகப்படுத்தின. 2010 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 4 முதலில் 13 நகரங்களுக்கு வந்தபோது பட்டியலில் சென்னை இருந்தது, கோவை இல்லை. 2017 ஏப்ரலில் அது நாடு முழுவதும் கட்டாயமானது. 2020 ஏப்ரலில் ஐந்தாம் படியைத் தாண்டி நேராக ஸ்டேஜ் 6 வந்தது. பெருநகரங்கள் ஏழாண்டுகளில் பழகிய மின்னணுவியலைச் சிறு நகரங்களின் பட்டறைகள் அதைவிடக் குறைந்த காலத்தில் கற்க நேர்ந்தது. இன்றைய குழப்பத்தில் ஒரு பகுதிக்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

உள்ளே என்ன இருக்கிறது

பிரித்துப் பார்த்தால் த்ராட்டில் பாடி எளிய அமைப்புதான். அலுமினியக் குழாய்க்குள் ஒரு வட்டத் தகடு. அதைத் திருப்ப ஒரு டிசி மோட்டார். வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டப் பல்சக்கரங்கள், பெரும்பாலும் பிளாஸ்டிக்கில். தகட்டைத் திரும்ப இழுக்க ஸ்பிரிங். தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்ல இரண்டு சென்சார்கள். பரவலாகப் புழங்கும் வடிவத்தில் கப்ளரில் ஆறு பின்கள் இருக்கும்: மோட்டாருக்கு இரண்டு, ஐந்து வோல்ட் மின்சாரத்துக்கு ஒன்று, எர்த்துக்கு ஒன்று, சென்சார்களுக்கு இரண்டு.

ஒரே வேலைக்கு இரண்டு சென்சார் வைத்ததில்தான் பாதுகாப்பின் சூட்சுமம் இருக்கிறது. பல கார்களில் தகடு திறக்கும்போது ஒன்றின் வோல்ட் ஏறும், மற்றதின் வோல்ட் இறங்கும். இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஏறத்தாழ ஐந்து வரும். மிதியிலும் இதேபோல் இரண்டு சென்சார்கள். கணக்கு ஒத்துப்போகாவிட்டால் கணினி எதையும் நம்பாது. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிடும். தகடு ஸ்பிரிங்கின் இழுப்பில் சற்றே திறந்த நிலைக்கு வந்து நிற்கும். வண்டி ஊர்ந்து ஓரம்கட்ட அது போதும். ஓட்டுநர்கள் "பிக்கப்பே இல்லீங்க, ஆக்சிலேட்டர் எடுக்கவே மாட்டீங்குது" என்று பட்டறையில் சொல்வது பெரும்பாலும் இந்த நிலையைத்தான்.

டீசல் வண்டிகளின் கதை சற்று வேறு. அங்கு வேகத்தைத் தீர்மானிப்பது பீய்ச்சப்படும் எரிபொருளின் அளவு. ஆகவே நவீன டீசல் பிக்கப்புகளில் இதே அறிகுறி வந்தால் மிதியின் சென்சாரை முதலில் சந்தேகிப்பதே பொருத்தம்.

முதல் நிலை: முழுதாக மாற்று

கார் நிறுவனங்களின் நிலைப்பாடு இது. அவர்கள் த்ராட்டில் பாடியை மூடி முத்திரையிட்ட ஒற்றைப் பாகமாகவே விற்கிறார்கள். உள்ளே இருக்கும் பல்சக்கரமோ சென்சாரோ தனியாகக் கிடைப்பதில்லை. இதற்கு அவர்கள் சொல்லும் காரணம் பாதுகாப்பு. 2011-இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 26262 தரநிலை, வாகன மின்னணுப் பாகங்களின் வடிவமைப்பில் ஒவ்வொரு பழுதுக்கும் விளைவு என்ன என்று கணக்கிடச் சொல்கிறது. அப்படிக் கணக்கிட்டுச் சோதித்த ஒன்றைப் பட்டறையில் பிரித்தால் அந்த உத்தரவாதம் போய்விடும் என்பது வாதம்.

வாதத்தைத் தள்ளிவிட முடியாது. டொயோட்டா கார்கள் தாமாகவே வேகமெடுத்ததாக எழுந்த புகார்களை அமெரிக்க அரசுக்காக ஆராய்ந்த நாசா, 2011-இல் அறிக்கை தந்தது. பெரிய அளவில் த்ராட்டிலைத் திறக்கக்கூடிய மின்னணுக் கோளாறு எதையும் அது கண்டுபிடிக்கவில்லை. ஆனால் ஒரு மிதி சென்சாருக்குள் வெள்ளீயத்திலிருந்து முளைத்த நுண்ணிய இழைகள் மின்கசிவை உண்டாக்கியதைக் கண்டது. 2013-இல் ஒக்லஹோமா மாநில நடுவர் குழுவோ, த்ராட்டில் மென்பொருளைக் குறைகூறிய நிபுணர் சாட்சியத்தைக் கேட்டபின் டொயோட்டாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பெரிய ஆய்வகமும் நடுவர் குழுவும் ஒத்துப்போகாத இடத்தில் எச்சரிக்கை நியாயமானதே.

பலவீனம் நடைமுறையில் இருக்கிறது. ஸ்கேன் போட்டதும் பி 2135 என்ற குறியீடு வந்தால் பல இடங்களில் த்ராட்டில் பாடிக்கு ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். அந்தக் குறியீடு சொல்வது இரண்டு சென்சார்களின் கணக்கு ஒத்துப்போகவில்லை என்பதை மட்டுமே. காரணம் சென்சாராக இருக்கலாம். கப்ளரில் பச்சைக் களிம்பு பிடித்த பின்னாக இருக்கலாம். தளர்ந்த எர்த்தாக இருக்கலாம். தென்னந்தோப்பில் நிறுத்திய வண்டியில் எலி கடித்த ஒயராக இருக்கலாம். பல கார்களில் அந்த ஐந்து வோல்ட் இணைப்பை வேறு சென்சார்களும் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றில் ஒன்று ஷார்ட் ஆனாலும் பழி த்ராட்டிலின்மேல் விழும். புதுப் பாகம் போட்ட பிறகும் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், வாடிக்கையாளர் தேவையில்லாத ஒன்றுக்குப் பணம் கொடுத்திருக்கிறார் என்று பொருள்.

இரண்டாம் நிலை: கழற்றிச் சுத்தம் செய்

கார்புரேட்டர் காலத்தின் தொடர்ச்சி இது. எஞ்சினுக்குள்ளிருந்து திரும்ப வரும் எண்ணெய் ஆவி தகட்டின் விளிம்பில் கரியாகப் படியும். காற்று வழி சுருங்கும். ஐடிலிங் தடுமாறும், சிக்னலில் நிற்கும்போது வண்டி அணைந்துபோகும். இதற்குச் சுத்தம் செய்வது சரியான மருந்து, செலவும் குறைவு.

பலவீனங்கள் இரண்டு. ஒன்று, கரியால் வராத பழுதை இது தீர்க்காது. தேய்ந்த பல்சக்கரமும் விட்டுவிட்டுத் துண்டிக்கும் சென்சாரும் அப்படியே இருக்கும். சில நாள் நன்றாக ஓடிவிட்டு வண்டி மீண்டும் வரும். இரண்டு, செய்யும் விதம். தகட்டைக் கையால் வலுவாகத் தள்ளினால் பல்சக்கரத்தின் பற்கள் சேதமாகலாம். காரமான திரவம் சில தகடுகளில் உள்ள பூச்சைக் கரைக்கலாம். சுத்தம் செய்தபின் கணினிக்குப் புதிய மூடிய நிலையைக் கற்றுத்தரவும் வேண்டும். சில கார்களில் சாவியைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பினாலே போதும். சிலவற்றில் ஸ்கேனர் வேண்டும். நிசான் கார்களில் மிதியின் நிலை, தகட்டின் மூடிய நிலை, ஐடிலிங் காற்றளவு என்று மூன்று பாடங்கள் தனித்தனியாக உண்டு. இதை விட்டுவிட்டால் ஐடிலிங் ஏறியே நிற்கும். நல்ல த்ராட்டிலைக் கெட்டது என்று எண்ணி மாற்றிவிடும் வாய்ப்பும் இங்குதான் பிறக்கிறது.

மூன்றாம் நிலை: பிரித்துச் சரிசெய்

கொங்கு நாட்டில் இந்த நிலைக்கு ஆழமான வேர் உண்டு. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கிய ஜி.டி. நாயுடு, தன் போக்குவரத்து நிறுவனத்தை வளர்த்ததோடு எந்திரங்களைத் தாமே பிரித்து, மாற்றி, உருவாக்கிக் காட்டினார். பஞ்சாலைகளுக்கு உதிரிபாகம் செய்து பழகிய பட்டறைகள் பிறகு மோட்டாருக்கும் பம்புக்கும் வந்தன. கோவையைச் சேர்ந்த கரிவரதன் மாருதி எஞ்சினை வைத்துப் பந்தயக் கார்களை உருவாக்கினார். செட்டிபாளையத்துப் பந்தயத் தளம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கரூரில் பேருந்துக்குக் கூடு கட்டுகிறார்கள், நாமக்கல்லில் லாரிக்கு, திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிக்கு. கிணற்று மோட்டார் எரிந்தால் தூக்கி எறியாமல் காயில் கட்டி ஓட்டும் ஊர் இது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த கைக்கு, ஒரு சிறு மோட்டாரும் நாலு பல்சக்கரமும் கொண்ட பெட்டியை முழுதாக எறிவது வீண் என்று தோன்றுவதில் வியப்பில்லை.

உலகளவில் இந்த நிலைக்கு வலு சேர்த்தது வால்வோ. 1999 முதல் 2001 வரையிலான அதன் மாடல்களில் த்ராட்டில் மாட்யூல்கள் வரிசையாகப் பழுதாயின. காரணம், சென்சாருக்குள் உரசும் தொடுபாதையின் தேய்மானம். கலிபோர்னியாவின் காற்றுத்தர ஆணையத்தின் அழுத்தத்தால் உத்தரவாதம் 10 ஆண்டு அல்லது 2,00,000 மைல் வரை நீட்டிக்கப்பட்டது. புதிய மாட்யூலை வண்டியுடன் இணைக்க நிறுவனத்தின் மென்பொருளும் தேவைப்பட்டது. இந்த நிலையில், வெளியில் இருந்த பழுதுபார்ப்பு நிறுவனங்கள் பழைய மாட்யூலையே வாங்கி, உரசும் சென்சாரை நீக்கி, உரசாத காந்த சென்சாரைப் பொருத்தித் திருப்பித் தந்தன. மாட்யூல் அதே வண்டியுடையது என்பதால் இணைப்புச் சிக்கலும் எழவில்லை. பிறவிக் குறை உள்ள பாகத்தை அதே வடிவில் மாற்றுவதைவிடச் சீர்திருத்துவது மேலாக இருக்கக்கூடும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஆனால் அந்தச் சான்றை எல்லாவற்றுக்கும் நீட்ட முடியாது. அங்கு ஒரே மாட்யூலின் ஒரே குறை ஆயிரக்கணக்கில் திரும்ப வந்தது. அதற்கென்றே தீர்வு வடிவமைத்துச் சோதித்தார்கள். மேசைமேல் ஒற்றைப் பாகத்தைப் பிரித்து ஒட்டுவது வேறு. சரிசெய்த த்ராட்டில் எத்தனை முறை திறந்து மூடினாலும், எஞ்சின் சூட்டிலும் அதிர்விலும், இரண்டு சென்சாரும் ஒத்துப்போகுமா என்று சோதிக்கும் ஏற்பாடு பெரும்பாலான பட்டறைகளில் இல்லை. காயில் கட்டிய கிணற்று மோட்டார் மீண்டும் எரிந்தால் தண்ணீர் நிற்கும். த்ராட்டில் தவறினால் வண்டி சாலை நடுவில் நிற்கும்.

நான்காம் நிலை: செகண்ட்ஸ் வாங்கிப் போடு

சென்னையின் புதுப்பேட்டை தொடங்கிச் சிறு நகரங்களின் பழைய பாகக் கடைகள் வரை இதற்கென ஒரு சந்தை இருக்கிறது. புதுப் பாகத்தின் விலை பழைய காரின் மதிப்போடு ஒப்பிடும்போது கணிசமாகிவிட்டால், பலருக்கு வேறு வழி தெரிவதில்லை. நிறுவனமே தயாரிப்பை நிறுத்திவிட்ட மாடல்களுக்குச் சில நேரம் இது ஒன்றே வழி.

இதன் பலவீனம் வெளிப்படையானது. கழித்துக்கட்டிய வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று தெரியாது. தேய்மானம் வெளியில் தெரியாது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு த்ராட்டில்களின் உள் சென்சார் அளவுகள் வேறாக இருக்கலாம். பாக எண் ஒத்துப்போகாவிட்டால் பொருந்தினாலும் வேலை செய்யாது. அசல் உறையைப் போலவே உறையிட்டு வரும் டூப்ளிகேட் பாகங்கள் இந்தக் குழப்பத்தை இன்னும் கூட்டுகின்றன.

சட்டம் எங்கே நிற்கிறது

நான்கு நிலைகளுக்கும் அடியில் ஒரு கேள்வி ஓடுகிறது: பழுதை உறுதிசெய்யத் தேவையான தகவல் யாரிடம் இருக்கிறது? இந்தியாவில் இது 2011-இல் போட்டி ஆணையத்தின் முன் வந்தது. 2014 ஆகஸ்ட் 25-இல் ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகத்தையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தராமல் சந்தையை மூடிவைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளியில் பழுதுபார்த்தால் உத்தரவாதம் முழுதும் ரத்து என்று பொதுவாக நிபந்தனை போடக் கூடாது. தவறான பழுதுபார்ப்பால் வந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் உத்தரவு சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2016-இல் தீர்ப்பாயம், தன்முன் வந்த நிறுவனங்கள்மீதான கண்டறிதலை ஏற்று அபராதத்தைக் குறைத்தது.

2022-இல் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கெனக் குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் இணையதளமும் தொடங்கியது. கார்களும் வேளாண் கருவிகளும் அதன் வரம்பில் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-இலேயே கம்பெனி சர்வீஸுக்குக் கிடைக்கும் அதே பழுதறியும் தகவல் வெளிப் பட்டறைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டது. இங்கு அப்படித் தனிச் சட்டம் இல்லை. இணையதளத்தில் தகவல் இருப்பதும், அவிநாசியிலோ உடுமலையிலோ உள்ள பட்டறையின் ஸ்கேனரில் அந்த வசதி திறப்பதும் ஒன்றல்ல.

இன்னும் தீராதவை

முதலாவது, பழுதின் உண்மையான பங்கீடு. கரி எத்தனை, ஒயர் எத்தனை, சென்சார் எத்தனை என்று இந்தியச் சாலை நிலவரத்தில் பொதுவெளியில் கிடைக்கும் கணக்கு இருந்தால் விவாதத்தில் பாதி அடங்கிவிடும். அமெரிக்காவில் ஃபோர்டின் எஸ்கேப், ஃபியூஷன் கார்களில் எழுந்த த்ராட்டில் புகார்களை அரசே திரட்டி 2013-இல் விசாரித்தது. அடுத்த ஆண்டு நிறுவனம் சுமார் 16 லட்சம் வண்டிகளுக்கு த்ராட்டில் உத்தரவாதத்தை 10 ஆண்டாக நீட்டியது. புகார்கள் ஓரிடத்தில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

இரண்டாவது, சரிசெய்த பாகத்துக்கான தரம். எவ்வளவு சோதித்தால் அது நம்பத்தக்கது என்று வரையறுக்காதவரை, நன்கு செய்பவரையும் ஒட்டுப்போடுபவரையும் வாடிக்கையாளரால் பிரித்தறிய முடியாது. மூன்றாவது, பொறுப்பு. பட்டறையில் பிரித்துச் சரிசெய்த த்ராட்டிலால் விபத்து நேர்ந்தால் யார் பதில் சொல்வது என்பது தெளிவாக வேண்டும்.

மதிப்பீடு

கிடைக்கும் சான்றுகளை நிறுத்துப் பார்த்தால் சில முடிவுகளைத் தயக்கமின்றிச் சொல்லலாம். மின்சாரம், எர்த், கப்ளர், ஒயர் ஆகியவற்றைச் சோதித்து விலக்காமல் த்ராட்டிலை மாற்றச் சொல்வது ஏற்கத்தக்கதல்ல. இக்னிஷனைப் போட்டு, எஞ்சினை ஓட்டாமல், மிதியை மெதுவாக அழுத்தி ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் இரு சென்சார்களின் அளவையும் பார்ப்பதும், மல்டிமீட்டரில் அந்த ஐந்து வோல்ட்டைப் பார்ப்பதும் எந்தப் பட்டறைக்கும் எட்டக்கூடிய வேலை. ஐடிலிங் தடுமாற்றம் மட்டும் என்றால் சுத்தமும் மறுகற்பித்தலும் முதலில் வர வேண்டும். சென்சார் அல்லது மோட்டார் கெட்டது உறுதியானால், இன்றைய நிலையில் பெரும்பாலான கார்களுக்குப் புதிய அசல் பாகமே பாதுகாப்பான தேர்வு. பிரித்துச் சரிசெய்வது, சோதனைக் கருவியும் எழுத்துப்பூர்வ உத்தரவாதமும் உள்ள இடத்தில் மட்டுமே பொருந்தும்.

இந்த நிலை இப்படியே தொடர வேண்டியதில்லை. போஷ் நிறுவனத்தின் மென்பொருள் மையமும், டாஷ்போர்டு மீட்டர்களும் சென்சார்களும் செய்யும் ப்ரிக்காலும் கோவையில் இருக்கின்றன. பிஎஸ்ஜியும், அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியும், சிஐடியும் இங்கேயே இருக்கின்றன. சிறு தொழில்களை ஒன்றுசேர்க்க கொடிசியா இருக்கிறது. சரிசெய்த த்ராட்டிலைச் சூட்டிலும் அதிர்விலும் ஓட்டிப் பார்த்து, சென்சார் துண்டிப்பையும் ஸ்பிரிங்கின் திரும்பும் வேகத்தையும் அளந்து சான்று தரும் ஒரு பொதுச் சோதனைக் கூடம் அமைக்க இந்த ஊரைவிடத் தகுதியான ஊர் தமிழ்நாட்டில் குறைவு. இங்கே கைத்திறனுக்குக் குறைவில்லை. தகவலும் சோதனையும்தான் குறை.

அதுவரை வாகன உரிமையாளர் மூன்றைக் கேட்டு வாங்கலாம்: ஸ்கேனில் வந்த குறியீட்டின் அச்சுப் பிரதி, ஒயரிங்கைச் சோதித்ததற்கான குறிப்பு, கழற்றிய பழைய பாகம். இந்த மூன்றையும் தயங்காமல் தரும் பட்டறை, கம்பெனியுடையதானாலும் தெருமுனையில் இருப்பதானாலும், நம்பத்தக்கது.